தம்பி வயலுக்கு அடித்த மருந்து

செங்கோட்டைப் பக்கம் வேளாண்மைத் துறையில் நான் பார்த்த வேலைக்கு, எனக்குப் பிறகு மூன்று பேர் வந்துவிட்டார்கள். இப்போது இருக்கும் பெண் கெட்டிக்காரி. சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் போன் செய்வாள். போன வருடம் ஒருநாள் அப்படித்தான் கூப்பிட்டாள். சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளி பல வருடம் நடந்திருக்கிறது, வடகரையில் மட்டும் ஏன் ஒரே போகத்தோடு நின்றுபோனது என்று கேட்டாள். நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே அங்கே பெரியவர்கள் எழுந்து போய்விடுகிறார்களாம். ஆள் சேரவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணம் காதில் விழக்கூடாத ஒருவர் அப்போது உயிரோடு இருந்தார். இந்த ஆனியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விவசாயத்தில் பட்டயம் வாங்கினேன். வேலை கிடைத்தது. விதை மூட்டைக்கும் உர மூட்டைக்கும் நடுவில் கிடங்கில் உட்கார்ந்தே பாதி வாலிபம் போயிற்று. குற்றாலத்தில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே திரையில் பூச்சிப் படங்களாகக் காட்டினார்கள். எதுவும் மனதில் நிற்கவில்லை. செங்கோட்டைப் பக்கம் மாறுதலாகி வேதமூர்த்தி சாருக்குக் கீழே வந்த பிறகுதான் வயலுக்குள் காலை வைத்தேன்.

சார் வேளாண்மை அலுவலர். உயரமான, லேசாகக் கூன் விழுந்த ஆள். ஜீப் நின்றதும் செருப்பைக் கழற்றி உள்ளேயே போட்டுவிடுவார். பேண்டை முழங்கால் வரை மடிப்பார். இரண்டு காலிலும் மடிப்பு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எந்த விவரத்தைக் கொண்டுபோனாலும், “பாத்ததா, கேட்டதா?” என்று மட்டும் கேட்பார். ஒரு விவசாயி சொன்னதை நானே பார்த்ததுபோலச் சொல்லிவிட்டால், பதில் பேசாமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வார். நான் திரும்ப வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை வண்டி நகராது.

ஓநாய்ச் சிலந்தியை அவரோடு போய்த்தான் முதலில் பார்த்தேன். பனி காய்வதற்குள் வயலில் இறங்கிவிட வேண்டும். ரோட்டோரப் பயிரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. வரப்பை விட்டு நன்றாக உள்ளே போய்த்தான் முதல் நெல் தூரைத் தொட வேண்டும். நம் நிழல் பயிர்மேல் விழக் கூடாது. இரண்டு கையாலும் தூரை, தலையில் வகிடு எடுப்பதுபோல மெதுவாக விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். வெடுக்கென்று விலக்கினால் இருப்பதெல்லாம் தண்டின் மறுபக்கத்துக்கு ஓடிவிடும். புகையான் என்கிற பழுப்புப் பூச்சி அங்கேதான், தண்டின் அடியில் எள் ஒட்டினாற்போல உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அதற்குக் கொஞ்சம் தள்ளி, தலைகீழாக, முன்னங்கால்களைத் தண்ணீரில் லேசாக வைத்தபடி சிலந்தி இருக்கும்.

இது வலை பின்னாது. பழுப்பு உடம்பு, முதுகில் கவட்டை போல ஒரு வெளிர்க் கோடு. முகத்தில் கீழ் வரிசையில் நாலு சின்னக் கண், அதற்கு மேலே பெரிதாக இரண்டு, தலை உச்சியில் இன்னும் இரண்டு. அவ்வளவு கண் இருந்தும் அசையாமல் இருக்கும் புகையானை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அசைந்துவிட்டால், அல்லது கால் தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டால் தப்ப முடியாது. நீர் அதிர்வது காலில் பட்டதும் தண்ணீர்மேலேயே ஓடிப்போய் அமுக்கிவிடும். அதுவரை காத்திருக்கும். சாரும் அதற்கு எதிரே குனிந்தபடி காத்திருப்பார். எனக்கு இடுப்பு விட்டுப்போகும். அவர் நிமிரவே மாட்டார்.

உழுது தண்ணீர் கட்டியதும் வயலுக்கு முதலில் குடிவருவதும் இதுதான். வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வரப்பு வெடிப்புகளிலும் வைக்கோலுக்கு அடியிலும் இருந்துகொள்ளும். பெண் சிலந்தி முட்டைப் பையைப் பட்டாணி போல வயிற்று நுனியில் ஒட்டி இழுத்துக்கொண்டே வேட்டையாடும். பொரித்ததும் குஞ்சுகள் அத்தனையும் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். ஒருமுறை ஆர்வக்கோளாறில் ஒரு குச்சியால் அந்தப் பையைத் தட்டிவிட்டேன். சிலந்தி ஓடவில்லை. அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிக் காலால் தடவித் தேடியது. கண்டெடுத்து ஒட்டிக்கொண்டு போகும்வரை சார் என்னைப் பேசவிடவில்லை.

நாங்கள் விவசாயிகளுக்குச் சொன்னது சுருக்கமான விஷயம். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், புகையான் கொஞ்சம் கூடத் தெரிந்தாலும் மருந்து வேண்டாம். அடித்தால் முதலில் சாவது சிலந்தி. தண்டுக்குள் இருக்கும் புகையான் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அது பொரித்து வரும்போது பிடித்துத் தின்ன ஆள் இருக்காது.

வடகரையில் ஒரு தென்னந்தோப்பில் பள்ளியை ஆரம்பித்தோம். வாரம் ஒருநாள் காலையில் கூடி, வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து பேசுவோம். எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். வந்தவர்களில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் சுப்பையா பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஓநாய்ச் சிலந்தி என்று நான் பெயரைச் சொன்னதும், “இங்கன நரியப் பாத்தே வருசக்கணக்காச்சு, ஓநாய்க்கு எங்க போக?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். கொஞ்ச நாள் வந்தார், பிறகு நின்றுவிட்டார். பூச்சியைப் பார்த்த பிறகும் அடிக்காமல் எண்ணிக்கொண்டிருப்பது அவர் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை.

தம்பி மாரியப்பன் அப்படி இல்லை. ஒரு வாரம்கூட விடவில்லை. நான் போகாத நாட்களிலும் விடியக்காலம் வயலில் குனிந்துகொண்டு நிற்பதாக அவர் மனைவி சொல்வாள். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் தம்பியைப் படிக்கவைத்தது, கல்யாணம் முடித்துவைத்தது எல்லாம் அண்ணன்தான். பங்கு பிரித்த பிறகும் இரண்டு பேர் வயலுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் என்று ஒருநாளும் இருந்ததில்லை. பிறகு ஊரில் வேறு விதமாகப் பேசினார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வருடப் பிசான நெல் போகத்தில் கார்த்திகை மழை விட்டும் வானம் வெளிவாங்கவில்லை. மூட்டமும் புழுக்கமுமாக நாட்கள் போயின. புகையான் தலைகாட்டியதும் சுப்பையா அண்ணாச்சி மருந்து அடித்தார். கொஞ்சம் நாள் கழித்து மறுபடியும் அடித்தார். மார்கழி பிறந்தபோது அவர் வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து நின்றது. தீ வைத்தது மாதிரி இருக்கும் அது. வரப்புக்கு இந்தப் பக்கம் தம்பியின் பயிர் பச்சையாக, பால் பிடித்து நின்றது. தம்பி வளர்த்துவிட்ட பூச்சிதான் அண்ணன் வயலைத் தின்றது என்று டீக்கடையில் பேச்சு வந்தது.

அண்ணாச்சி அப்படிப் பேசவில்லை. அவருடைய பயம் வேறு. ஒருநாள் என்னை வரப்பில் நிறுத்தி, “எனக்குப் போனது போயிட்டு டீச்சர். அவனுக்கும் போயிட்டுன்னா ரெண்டு வீடும் சோத்துக்கு எங்க போக?” என்றார். அவரைத் தம்பி வயலுக்குள் கூட்டிப்போய்த் தூரை விலக்கிக் காட்டினேன். ஒரு சிலந்தி புகையானைக் கவ்விக்கொண்டு தண்டின்மேல் ஏறியது. அதை வெகுநேரம் பார்த்தார்.

“இத்தினிக்காண்டு பூச்சிய நம்பிக் குடும்பத்த விடச் சொல்லுதிய,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் சாரையே அழைத்து வந்தேன். மாரியப்பனும் கூட வந்தார். மூன்று பேரும் வயலின் குறுக்கே கடைசி வரை போனோம். சிலந்தி இல்லாத தூரைத் தேட வேண்டியிருந்தது. புகையான் இருந்தது, ஆனால் குறைந்துகொண்டிருந்தது. வரப்பேறிக் கால் கழுவும்போது, மருந்து தேவையில்லை என்று சார் மாரியப்பனிடம் சொன்னார். சுப்பையா அண்ணாச்சி அந்தப் பக்கத்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே புனலூரில் மாரியப்பனின் மாமனார் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. கணவனும் மனைவியும் கிளம்பிப் போனார்கள். காரியம் முடிந்துதான் வர முடியும்.

அண்ணன் அந்தச் சமயத்தைப் பார்த்துக்கொண்டார். ஒரு காலையில் மருந்து டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு தம்பி வயலில் இறங்கியிருக்கிறார். தன் வயலில் ஒரு மருந்து கேட்கவில்லை என்பதால் இரண்டை ஒன்றாகக் கலந்திருக்கிறார். மேலுக்குச் சட்டை இல்லை, வாயில் துணி இல்லை, வயிற்றில் ஆகாரம் இல்லை. மலைப்பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அதற்கு எதிராகவே அடித்துக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்துத் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். வயல் முழுவதையும் முடித்து, டேங்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, வரப்பில் சாய்ந்தாராம். அவர்கள்தான் தூக்கி வந்து ஆட்டோவில் போட்டது.

நான் பண்பொழியில் இருந்தேன். தகவல் கேட்டு நேரே தென்காசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சியின் மனைவி கோமதியம்மாள், அவர் வாயில் ஒழுகுவதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். குளிப்பாட்டியது போல உடம்பெல்லாம் வேர்வை. தோளிலும் தொடையிலும் சதை தன்னால் துடித்தது. டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். நடுவில் ஒருநாள் தெளிவு வந்தது. கோமதியம்மாள் காதருகே குனிந்தபோது, தம்பி வயல் தப்பித்துவிட்டது என்று சொன்னாராம். பிறகு நினைவு திரும்பவில்லை.

எரித்துவிட்டு வந்த மறுநாள் சாரும் நானும் வயலுக்குப் போனோம். மருந்து நெடி இன்னும் போகவில்லை. சிலந்திகள் காலை மடக்கிக்கொண்டு தண்ணீரில் மிதந்தன. பலவற்றின் வயிற்றில் முட்டைப் பை ஒட்டியபடியே இருந்தது. காற்றுக்கு அவை வரப்போரம் ஒதுங்கி, நுரையோடு சேர்ந்து கிடந்தன. புனலூரிலிருந்து வந்திருந்த மாரியப்பன் மொட்டைத் தலையோடு வரப்பில் நின்றார், உள்ளே இறங்கவில்லை. சார் ஒரே ஒரு தூரை விலக்கிப் பார்த்தார். பிறகு மேலே வந்து பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அங்கிருந்து துக்கம் கேட்க வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் ஊர் ஆண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோமதியம்மாள் உள்ளே பெண்களோடு இருந்தார். சார் வந்திருக்கிறார் என்று கேட்டதும் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். அப்படி வருவது வழக்கமில்லை. பெண்கள் தடுக்கப் பார்த்தார்கள்.

“சார், நீங்க படிச்சவிய. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவுக அடிச்ச மருந்து அந்த வயலுக்கு வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

நான் சாரைப் பார்த்தேன். மாரியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

சார் குனிந்து தரையைப் பார்த்தார். “வேணும்மா. அவர் அடிக்கலேன்னா அந்த வயலும் போயிருக்கும்,” என்றார்.

கோமதியம்மாள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு உள்ளே போய்விட்டார். மாரியப்பன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அடுத்த வாரம் தோப்புக்கு ஒருவரும் வரவில்லை. ஆபீசரே மருந்து வேண்டும் என்று சொல்லிவிட்டார், செத்துப்போன அந்த மனுஷன் சொன்னதைக் கேட்காமல் இத்தனை நாள் சிலந்தி பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பேசிக்கொண்டார்களாம். அதற்கு மேல் எந்த வீட்டுப் படியேறி எதைச் சொல்வது? ஒரு வீடு விடாமல் மருந்து வாங்கி வந்து அடித்தார்கள். சாகும்போது ஒருவர் சொன்ன வார்த்தையும் அதற்கு அதிகாரி கொடுத்த சாட்சியும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மாரியப்பன் வயலில் தை பிறப்பதற்குள் புகையான் திரும்பி வந்தது. தடுக்க அங்கே எதுவும் இல்லை. முதல் வட்டம் விழுந்த அன்றே, கதிர் முழுசாக முற்றும் முன்னால், ஆள் கூப்பிட்டு அறுத்துவிட்டார். கோமதியம்மாள் வீட்டைவிட்டு வெளியே வராத நாட்கள் அவை. நல்ல விளைச்சல் என்று மதினியிடம் சொன்னதாக மாரியப்பன் எனக்குச் சொன்னார். நெல் பாதிக்குப் பாதி பதர்.

சார் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு குற்றாலத்திலேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தார். ஒரு பங்குனியில் பார்க்கப் போனேன். அருவியில் தண்ணீர் இல்லாத நேரம், கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. ஐந்தருவி ரோட்டில் இரண்டு பேரும் நடந்தோம். காலில் ஏதோ வலி அவருக்கு, அடிக்கடி நின்றார். எத்தனையோ வருடம் அடக்கிவைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டேன். பார்க்காத ஒன்றைச் சொல்ல எங்களை ஒருநாளும் விடாத நீங்கள் அப்படிச் சொல்லலாமா என்று.

அவர் வறண்ட பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தம்மா வயலப் பத்தியா கேட்டாங்க?” என்றார்.

சற்றுப் பொறுத்து, அந்த முற்றத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது என்றார். ஊரில் இன்னும் மருந்து அடிக்கிறார்களா என்று கேட்டார். அடிக்கிறார்கள் என்றேன். வந்த வழியே திரும்பினோம். அடுத்த வருடமே அவர் காலமாகிவிட்டார்.

நான் ஓய்வு பெற்றுக் குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் மாரியப்பனை அவ்வப்போது தென்காசிச் சந்தையில் பார்ப்பேன். எங்கள் பள்ளியில் அவரைப் போலச் சிலந்தியை அறிந்தவர் வேறு யாரும் இல்லை. அவரே ஒவ்வொரு பிசானத்திலும் தவறாமல் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். பூச்சி இருந்தாலும் அடிப்பார், இல்லாவிட்டாலும் அடிப்பார். முதலில் ஆள் வைத்து அடித்தார், இப்போது டிரோன். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“மதினி பாக்காகல்லா டீச்சர். நான் ஒரு போகம் அடிக்காம வெளைஞ்சிட்டுன்னா, அப்ப அண்ணன் எதுக்குச் செத்தாகன்னு ஆயிரும்,” என்றார்.

அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை.

கோமதியம்மாள் கடைசியில் படுக்கையில் விழுந்தபோது மாரியப்பன் வீட்டில்தான் இருந்தார். இறந்து சில மாதம் கழித்து, ஐப்பசியில், மாரியப்பன் என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை மருந்து அடிக்கப் போவதில்லை என்றார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். மதினி ஒருநாள் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே எனக்குச் சொன்னார்.

“ஒங்க அண்ணன் அடிச்சிருக்கவே வேண்டாம்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ல. அந்த சார் தரையப் பாத்துக்கிட்டுல்லா சொன்னாரு. நீதான் அத நம்பி வருசா வருசம் அடிக்கன்னு நெனச்சேன். நம்பிக்கிட்டு இருக்கவன எதுக்குக் கெடுக்கணும்னு சும்மா இருந்துட்டேன்.”

சொல்லி முடித்துவிட்டு மாரியப்பன் என்னைப் பார்த்தார். அத்தனை வருடம் ஒருவர் கண்ணெதிரே ஒருவர் இருந்துகொண்டு, அவருக்காக இவரும் இவருக்காக அவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த வயலில் எத்தனை டேங்க் மருந்து இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மாரியப்பன் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். நட்டு முடித்ததும் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மார்கழியில் போனேன். முதல் பஸ்ஸில் போய் இறங்கும்போது பனி காயவில்லை. மாரியப்பனுக்கும் முதுகு வளைந்துவிட்டது, எனக்கும் முழங்கால் மடங்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினோம். சுற்றிலும் எல்லா வயலுக்கும் போன வாரம்தான் டிரோன் வந்து போயிருந்தது. வரப்புப் புல் களைக்கொல்லியில் கருகிக் கிடந்தது.

முதல் தூரில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. புகையான் ஒன்றிரண்டு கண்ணில் பட்டது, ஆனால் அதற்கு எதிரே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எதுவும் இல்லை. நடு வயல் வரை போனோம். மாரியப்பன் ஒவ்வொரு தூரையும் விரலால் மெதுவாக விலக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, விலக்கிய பயிரை முன்பு இருந்த மாதிரியே சேர்த்துவைத்தார். அந்தக் காலத்தில் தோப்பில் சொல்லிக்கொடுத்ததை நினைவு வைத்து, சிலந்தி ஒதுங்க இடமாக வரப்பு நெடுக வைக்கோல் கட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். ஏறி வந்து அவற்றையும் தூக்கிப் பார்த்தோம். எறும்புகள் இருந்தன. ஒரு கட்டின் அடியில் ஒரு பாச்சை இருந்தது.

தூரத்திலிருந்து நூல் விட்டுக் காற்றிலேயே சிலந்திக் குஞ்சுகள் வந்து இறங்கும், ஒரே போகத்தில் வந்துவிடாது, பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே, சுற்றியிருக்கும் வயல்கள் இப்படி இருக்கையில் எங்கிருந்து வரும் என்று எனக்கே தோன்றியது.

“எனக்கு எழுவது தாண்டிட்டு டீச்சர்,” என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரோட்டுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் அடுத்த வைக்கோல் கட்டின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் ஒரு முனையை மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தார்.